மண்ணுக்கு உள்ளே பார்க்கும் கருவி



இராத்திரி மழை பிடித்துக்கொண்டால் லயத்துக்கு மேலே இருக்கிற மலையை நினைத்துத் தூக்கம் வராமல் படுத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. அந்தப் புயலில் இலங்கை முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களிலே ஆக அதிகமான உயிர்களை இழந்தது நமது கண்டி மாவட்டம். வெள்ளம் கொண்டுபோனது ஒரு பக்கம், மண்சரிவு மூடியது இன்னொரு பக்கம்.

அதற்குப் பிறகு ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஏங்க தம்பி, மண்ணத் தோண்டாமலே உள்ள இருக்கிறதப் படம் புடிக்கிற மிஷின் ஒண்ணு வந்திருக்காமே? அதக் கொண்டாந்து நம்ம லயத்துக்கு மேல வச்சுப் பார்த்தா, மண்ணு வருமா வராதான்னு தெரிஞ்சிரும்தானே?”

நல்ல கேள்வி. அங்கே நின்றபடியே ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தக் கருவி என்ன, அது எப்படி வேலை செய்கிறது, நமது மலை மண்ணில் அது எவ்வளவுக்கு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதை இந்த இதழில் விபரமாக எழுதுகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மலை என்பது ஒரே மண் அல்ல

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். கான் வெட்டியவர்களுக்கும் ரோட்டு வேலை செய்தவர்களுக்கும் இது புதிது அல்ல. ஹந்தானையிலிருந்து கலஹாப் பக்கம் போகும்போது ரோட்டுக்காக மலையை வெட்டிய இடங்களில் நின்று பாருங்கள். மேலே ஒரு சாண், இரண்டு சாண் கறுப்பு மண். அதில்தான் தேயிலையின் நார் வேர்கள் அதிகம். அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த களிமண். இன்னும் கீழே போனால், பார்வைக்குக் கல் மாதிரி வரிவரியாக இருக்கும், ஆனால் கையால் நொறுக்கினால் உதிர்ந்துவிடும். அதை உக்கின கல் என்று சொல்லுவோம். அதற்கும் கீழேதான் அலவாங்கு இறங்காத பச்சைப் பாறை.

கண்டியைச் சுற்றியுள்ள பாறைகள் மிக மிகப் பழையவை. பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிப் பட்டை பட்டையாகப் படிந்தவை. சூடும் மழையும் சேர்ந்த நமது சுவாத்தியத்தில் அந்தப் பாறை மேலிருந்து கீழாக உக்கிக்கொண்டே வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு உக்குவதும் இல்லை. இங்கே ஒரு மீட்டரில் பாறை தட்டும். இருபது அடி தள்ளி அலவாங்கு போட்டால் பத்து மீட்டர் போனாலும் தட்டாது.

இன்னொரு வகை மண்ணும் உண்டு. என்றோ ஒரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து, பள்ளத்தில் தங்கிய மண். அதிலே மண்ணும் சின்னக் கல்லும் பெரிய பாறாங்கல்லும் கலந்து கிடக்கும். மேலே தேயிலை நட்டுப் பச்சைப் பசேல் என்று இருப்பதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை சரிந்த மண் திரும்பவும் சரியக்கூடியது. ஆகவே இந்த மண் எங்கே கிடக்கிறது, எவ்வளவு தடிப்பு என்று தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

மண் ஏன் சரிகிறது? மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. தண்ணீரைச் சுலபமாக விடாத ஒரு அடுக்கு வந்ததும் அங்கே தேங்குகிறது. அந்த அடுக்கு இறுகிய களியாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். தேங்கிய தண்ணீர் மேல்மண்ணைத் தூக்குகிற மாதிரி அழுத்துகிறது. மண்ணுக்கும் கீழ் அடுக்குக்கும் இடையில் இருந்த பிடி விட்டுப்போகிறது. ஈரத் தரையில் சாக்கு வழுக்குகிற மாதிரி மேல்மண் முழுவதும் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆகவே ஒரு மலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அடுக்குகள் எந்தெந்த ஆழத்தில் இருக்கின்றன? அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? தண்ணீர் எங்கே தேங்குகிறது?

பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி

பலாப்பழம் பழுத்ததா இல்லையா என்று வெட்டாமலே எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? விரலால் தட்டுகிறோம். காய்க்கு ஒரு சத்தம், பழத்துக்கு ஒரு சத்தம். நமது கருவியும் நிலத்தைத் தட்டித்தான் பார்க்கிறது. ஆனால் விரலுக்குப் பதிலாக ரேடியோ அலையால் தட்டுகிறது. அதற்கு ‘நிலத்தை ஊடுருவும் ரேடார்’ என்று பெயர்.

ரேடார் என்றால் ஆகாய விமானம் எங்கே வருகிறது என்று பார்க்கிற கருவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அலையை ஆகாயத்துக்கு அனுப்பும். இது அலையை நிலத்துக்குள் அனுப்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்ப்பதற்குச் சின்னத் தள்ளுவண்டி மாதிரியோ, தரையில் இழுத்துப் போகிற பெட்டி மாதிரியோ இருக்கும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு அன்டெனா. ஒன்று அலையை அனுப்பும். மற்றது திரும்பி வருகிற அலையை வாங்கும்.

கீழே போகிற அலை ஒரே மாதிரியான மண்ணில் பேசாமல் போய்க்கொண்டிருக்கும். மண் மாறுகிற எல்லை வந்ததும் அதில் ஒரு பகுதி எதிரொலி மாதிரித் திரும்பி மேலே வரும். மிச்சம் இன்னும் கீழே போகும். காய்ந்த மண்ணுக்கும் ஈர மண்ணுக்கும் இடையில், மண்ணுக்கும் பாறைக்கும் இடையில், மண்ணுக்கும் வெற்றுப் பொந்துக்கும் இடையில் என்று ஒவ்வொரு எல்லையிலும் ஒரு எதிரொலி வரும். இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு பலமாக எதிரொலி கேட்கும்.

அனுப்பிய அலை திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கருவி கணக்கிடுகிறது. அந்த நேரம் மிகச் சின்னது. ஒரு செக்கனை நூறு கோடி பங்காக்கினால் வருகிற ஒரு பங்குக்கு நனோ செக்கன் என்று பெயர். அந்த ஒரு நனோ செக்கனில் ரேடியோ அலை காற்றில் ஏறக்குறைய ஒரு அடி தூரம் போகும். மண்ணுக்குள் போனால் வேகம் குறையும். காய்ந்த மண்ணில் அரை அடி. நன்றாக ஈரமான மண்ணில் சுமார் 6 சென்டிமீட்டர்தான்.

பெட்டியை ஒரு நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு அடிக்கும் வந்த எதிரொலிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கித் திரையில் ஒரு படம் வரும். மண் அடுக்கு நீளமான கோடாகத் தெரியும். தண்ணீர்க் குழாயைக் குறுக்கே தாண்டினாலோ தனிப் பாறாங்கல்லைத் தாண்டினாலோ கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு தெரியும். ஆகவே ‘படம் புடிக்கிற மிஷின்’ என்று பெரியம்மா சொன்னது பாதி சரி. கமராப் படம் மாதிரி எல்லோருக்கும் விளங்காது. படித்துப் பழகியவர்கள்தான் அந்தக் கோடுகளுக்கு அர்த்தம் சொல்ல முடியும்.

நிலவில் பலித்தது

இந்த யோசனை புதிது அல்ல. 1929இல் ஆஸ்திரியா நாட்டில் ஒரு பனிமலையின் பனி எவ்வளவு தடிப்பு என்று ரேடியோ அலையைக் கொண்டு அளந்தார்கள். 1972 டிசம்பரில் அப்பலோ 17 விண்கலம் நிலவுக்குப் போனபோது இந்த வகைக் கருவி அதில் இருந்தது. நிலவின் தரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் கூடிய ஆழத்திலிருந்தும் அதற்கு எதிரொலி கிடைத்தது. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விவசாய நிலங்களின் மண் அடுக்குகளை அளக்க இதைக் கையில் எடுத்தார்கள்.

நமது நாட்டிலும் இது வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழி நிலத்தில் இந்தக் கருவியைக் கொண்டு பரிசோதனை நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஒரு முறை தோண்டி மூடிய மண், தோண்டாத மண்ணைப் போல அடுக்கடுக்காக இராது. கலைந்து கிடக்கும். அந்த வித்தியாசத்தைத் தேடுவதற்குத்தான் இந்தக் கருவி.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். உறைந்த பனி, ஈரமே இல்லாத நிலவு, மணல் நிறைந்த புளோரிடா. இந்தக் கருவி பேர் வாங்கிய இடங்களில் ஒன்றாவது நமது மலைநாடு மாதிரி இருக்கிறதா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நமது சிவப்பு மண்ணின் குணம்

ரேடியோ அலைக்குத் தண்ணீர் பெரிய தடை. ஒவ்வொரு பொருளும் அலையை எவ்வளவுக்குத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு அந்த எண் 1. காய்ந்த மணலுக்கு 3 முதல் 5 வரை. தண்ணீருக்கு ஏறக்குறைய 80. ஆகவே மண்ணில் கொஞ்சம் ஈரம் ஏறினாலே கணக்கு மாறிவிடும்.

களிமண் இன்னும் மோசம். ஈரக் களிமண்ணில் மின்சாரம் ஓரளவு ஓடும். மின்சாரம் ஓடுகிற இடத்தில் ரேடியோ அலையின் பலம் வீணாகிப் போகும். கலங்கின ஆற்றுத் தண்ணீருக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீரில் அடிவரை தெரிகிற வெளிச்சம் கலங்கின தண்ணீரில் ஒரு சாணிலேயே செத்துவிடும். அதே கதைதான் இங்கேயும். காய்ந்த மணலிலும் வெடிப்பில்லாத கருங்கல்லிலும் இந்த அலை பத்து மீட்டருக்கும் கூடுதலாகப் போகும். ஈரக் களிமண்ணில் பல வேளைகளில் ஒன்று, இரண்டு மீட்டரிலேயே நின்றுவிடும். புளோரிடாவில் நன்றாக வேலை செய்ததே அங்கே மணல் அதிகம் என்பதால்தான். களி கூடிய இடங்களுக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் கருவி தடுமாறியது.

‘அப்படியானால் பெரிய அன்டெனா போட்டால் என்ன?’ என்று கேட்கலாம். போடலாம். சின்ன அன்டெனா அதிக அதிர்வுள்ள அலையை அனுப்பும். படம் நுணுக்கமாக இருக்கும், ஆனால் ஆழம் போகாது. பெரிய அன்டெனா குறைந்த அதிர்வில் அனுப்பும். அலை கூடுதல் ஆழம் போகும், ஆனால் சின்னச் சின்ன அடுக்குகள் தெரியாமல் கலங்கிவிடும். ஒன்று வேண்டும் என்றால் மற்றதை விட வேண்டும். எந்த அன்டெனா போட்டாலும் ஈரக் களி தின்கிற பலத்தைத் தின்றுதான் தீரும்.

இன்னொரு சிக்கல் கணக்கில் வருகிறது. ஒரு எதிரொலி 80 நனோ செக்கனில் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். போக 40, வர 40. காய்ந்த மண் என்று நினைத்து நனோ செக்கனுக்கு 15 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால் அந்த அடுக்கு 6 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஈர மண் என்று 6 சென்டிமீட்டர் கணக்கில் போட்டால் 2 மீட்டர் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. எதிரொலி ஒன்றுதான். விடை இரண்டு. 2 மீட்டர் 40இல் வழுக்குகிற அடுக்கு இருக்கும்போது, 6 மீட்டரில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் பொறுப்பான ஆட்கள் கருவியை மட்டும் நம்பமாட்டார்கள். ஓரிடத்தில் குழி தோண்டியோ துளை போட்டோ உண்மையான ஆழத்தை அளந்து, கருவி சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரோட்டுக்காக வெட்டிய மண் சுவர் பக்கத்தில் இருந்தால் அதிலும் ஒப்பிடலாம். ஆகவே உங்கள் மலைக்கு இப்படியான கருவி ஏதாவது வந்தால், “ஐயா, எங்க தோண்டிச் சரி பார்த்தீங்க?” என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் பிரயோசனமே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. மேலே இருக்கிற சில மீட்டரில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதற்கு, அதுவும் பெப்ரவரி, மார்ச் மாதிரியான காய்ந்த காலத்தில், இது நல்ல கருவி. பாறை ஆழமில்லாமல் கிடக்கிற சரிவுகளில் அந்தப் பாறை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும். மண்ணுக்குள் மறைந்திருக்கிற பாறாங்கற்களைக் காட்டும். பழைய காலத்தில் வெட்டி, பிறகு மூடிப்போன கான், மண்ணுக்குள் தண்ணீர் அரித்த பொந்து, உடைந்த குழாய் ஆகியவற்றையும் காட்டக்கூடும்.

மூடிப்போன கான் ஒரு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நமது மலைகளைக் காடு வெட்டிக் கோப்பி போட்டது 19ஆம் நூற்றாண்டில். ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பி நோயில் அழிந்த பிறகு மலை முழுவதும் தேயிலையானது. அந்தக் காலத்திலிருந்து நமது பாட்டன் பூட்டன்மார் வெட்டிய கான்கள் எத்தனையோ. வெட்டியது, அடைபட்டது, திரும்ப வேறு இடத்தில் வெட்டியது என்று ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது. அடைபட்ட கானுக்குள் போகிற தண்ணீர் வெளியே ஓடாமல் மலைக்குள்ளேயே இறங்கும். ஆபத்து அங்கே தொடங்கலாம்.

ஆழமான விஷயத்துக்கு வேறு முறைகள் இருக்கின்றன. ஒன்று, நிலத்தில் வரிசையாக இரும்புக் கூர்களை அடித்து, அதில் மின்சாரம் விட்டுப் பார்ப்பது. ஈரமான அடுக்கில் மின்சாரம் சுலபமாகப் போகும், காய்ந்த பாறையில் போகாது. அதை வைத்துத் தண்ணீர் தேங்குகிற இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ரேடாருக்குப் பகையான ஈரக் களி இந்த முறைக்கு அவ்வளவு பகை இல்லை. இன்னொன்று, துளை போட்டு மண்ணையும் கல்லையும் வெளியே எடுத்து நேரிலேயே பார்ப்பது. செலவு கூட, ஆனால் சந்தேகம் குறைவு. மூன்றாவது, வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் கம்பி கட்டி, அது எவ்வளவு விரிகிறது என்று நாளுக்கு நாள் அளப்பது. மலை அசைகிறதா இல்லையா என்பதை இதுதான் காட்டும். ரேடார் படம் அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்று மட்டுமே சொல்லும்.

நமது நாட்டில் மண்சரிவு வேலைகளுக்குப் பொறுப்பாக இருப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1984இல் தொடங்கியது. எந்தெந்த மலை ஆபத்தானது என்று படம் வரைகிற வேலையை 1990களில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஆரம்பித்து, பிறகு கண்டி முதலிய மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு வந்தார்கள். ஜப்பான் நாட்டின் ஜெய்க்கா நிறுவனமும் இந்த வேலைகளுக்கு உதவி செய்திருக்கிறது. கண்டியிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. மலைநாட்டு மாவட்டங்களில் புதிதாக வீடு கட்டுவதற்கு முன் அந்த இடத்துக்கு மண்சரிவு ஆபத்து எவ்வளவு என்று அவர்களிடம் அறிக்கை வாங்க வேண்டும். 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று வீட்டுக்காணி தருகிறபோது, காணி எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “இந்த இடத்துக்கு அறிக்கை இருக்கா? அதில என்ன எழுதியிருக்கு?” என்றும் கேளுங்கள். வீடு ஒரு முறைதான் கட்டுகிறோம்.

மீரியபெத்தை சொல்லித் தந்த பாடம்

கருவி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போகிற நேரம். போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த மலை ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. அங்கிருக்கும் மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவு இருந்தது. அந்த அறிவு காகிதத்தில் இருந்து லயத்துக்கு வரவில்லை. வந்த அளவுக்கும், போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. எங்கே போவது என்று தெரியாதவனிடம் “எழும்பிப் போ” என்று சொன்னால் அவன் எப்படிப் போவான்?

ஆகவே கருவி கண்டுபிடிக்கிறது ஒரு படிதான். அதைச் சனங்களுக்கு விளங்குகிற பாஷையில் சொல்வது இரண்டாவது படி. போவதற்கு ஒரு இடம் கொடுப்பது மூன்றாவது படி. முதல் படிக்கு மட்டும் பணம் செலவழித்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல கருவியும் வீண்.

நமது கையில் இருக்கிற அளவைகள்

ஆராய்ச்சி ஆட்கள் வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் நிற்பார்கள். நாம் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய பெட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அவர்கள் வந்தால் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்காமல், கீழே உள்ளதைச் சொல்லுங்கள்:

பழைய கான் எங்கே ஓடியது, எப்போது மூடினார்கள். எந்த மலையில் கோடையிலும் சேறு காயாது. பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, முன்பு எங்கிருந்து வந்தது. எந்த இடத்தில் முன்பு மண் வந்தது. எந்த லயம் பழைய மண் கொட்டி நிரப்பிய இடத்தில் நிற்கிறது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள். கோடு எங்கே இழுக்க வேண்டும், துளை எங்கே போட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வதற்கு இது பெரிய உதவி.

மழையை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள, அடி தட்டையான டின் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் ஆடாமல் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை நேராக விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, கொப்பியில் எழுதி, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3 அங்குலம் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர், சுமார் 4 அங்குலம் தாண்டினால் சாமான்களைக் கட்டி, போவதற்கு ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீட்டர், சுமார் 6 அங்குலம் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால், ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். பலத்த மழை நாளில் காலை வரை காத்திருக்காமல் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

டின்னில் அளவு குறைவு என்று அடையாளங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு. நன்றாகச் சாத்திய கதவு திடீரென்று சாத்த முடியாமல் இறுகுவது. மரமும் லைட் கம்பமும் சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று எடுப்பது. இருந்த ஊற்று திடீரென்று நிற்பது. தெளிந்த பீலித் தண்ணீர் கலங்கி வருவது. மலைக்குள்ளே இருந்து சத்தம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பக்கத்துக் காம்பராக்காரரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். எங்கே போய்த் தங்குவது, வயதானவர்களை யார் தூக்குவது, பிள்ளை காம்பராவில் இருக்கிற பிள்ளைகளை யார் கொண்டு வருவது என்பதை மழை வருவதற்கு முன்பே லயத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

பெரியம்மாவுக்குப் பதில்

இனி அந்தப் பெரியம்மாவுக்கு நாம் சொல்லும் பதில் இது. பெரியம்மா, நீங்கள் கேட்ட மிஷின் உண்மையிலேயே இருக்கிறது. காய்ந்த காலத்தில், மேல்மட்டத்தில், மண் அடுக்கையும் மறைந்த கல்லையும் மூடிய கானையும் அது காட்டும். நமது ஈரக் களிமண்ணில் ஆழமாகப் பார்க்க அதால் ஏலாது. அதற்கு வேறு முறைகளும் சேர வேண்டும். மண் எந்த நாளில் வரும் என்று அது சொல்லாது. திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. அலை அங்கே போய்ச் சேரவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஆகவே யாராவது ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு “பயமில்லை” என்று சொன்னால், அதோடு நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். எவ்வளவு ஆழம் வரை பார்த்தீர்கள், எங்கே தோண்டிச் சரி பார்த்தீர்கள், எழுத்தில் தருவீர்களா, தமிழில் தருவீர்களா என்று கேட்போம். “ஆபத்து” என்று சொன்னால், போவதற்கு இடம் எங்கே என்று கேட்போம். அதை ஒரு லயத்தார் தனியாகக் கேட்பதைவிடத் தோட்டமே ஒன்றாகச் சேர்ந்து கேட்பது நல்லது.

உங்கள் தோட்டத்தில் யாராவது மழை அளக்கிற டின் வைத்திருந்தால் நமக்கு எழுதுங்கள். எந்த மலையில் எவ்வளவு பெய்தது என்று அடுத்த இதழ்களில் போடுவோம். கொப்பியில் ஒரு வருசக் கணக்கு சேர்ந்தால், மண்ணுக்குள்ளே பார்க்க வருகிறவர்களிடம் அதைத் துணிந்து எடுத்துக் காட்டலாம்.